கேரக்டர் ஷீட்டில் கணக்கு எங்கே வர வேண்டும்?

"இந்த நாட்டில் என் வாளுக்கு நிகரில்லை" என்று பின்கதையில் எழுதப்பட்ட ஒரு ஃபைட்டர் கிளாஸ் (போர்வீரன் வகை) கேரக்டரை எடுத்துக்கொள்வோம். அவனுடைய எண்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) 12. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற மேசைக் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் காப்ளின் என்ற சாதாரணக் குட்டி அரக்கனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி விழத் தொட வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) 7. முதல் லெவலில் நம் ஆள் டி20 என்ற இருபது பக்கப் பகடையை உருட்டி அதோடு 3 கூட்டிக்கொள்ளலாம். லாங்ஸ்வார்டை ஒரு கையில் பிடித்து வீசினால், 100 வீச்சில் சுமார் 19 வீச்சுகள்தான் காப்ளினை ஒரே அடியில் சாய்க்கும். ஸ்ட்ரெங்த் 16 ஆக இருந்தால் அது 36. நிகரில்லாத வாள்வீரன் என்று கதை சொல்கிறது; இல்லை என்று டைஸ் ஒவ்வொரு சுற்றிலும் சொல்கிறது. நல்ல ரோல்பிளேக்காகத்தான், அதாவது அந்த ஆளாகவே நடிப்பதற்காகத்தான், எண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று அந்த ஆட்டக்காரர் நினைத்திருப்பார். ஆனால் அவர் எழுதிய ஆளை மேசையில் யாரும் பார்க்கவே முடியாது.

ஆப்டிமைசேஷனும் (பலம் கூடும்படி எண்களை அடுக்குவது) ரோல்பிளேயும் எதிரெதிர்த் துருவங்கள் என்ற பேச்சு மிகப் பழையது. 1980-லேயே கிளென் பிளேகோ ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதினார். பலத்தைக் கூட்டுவதே குறியான பவர்கேமிங்கும் ரோல்பிளேயும் அதில் தனித்தனி வகைகள். பிறகு வந்தவர்கள் பலர் இந்த வகைப்பாட்டை மனிதர்கள் மேல் ஒட்டும் முத்திரையாக்கிவிட்டார்கள். ஒன்றில் தேர்ந்தவர் இன்னொன்றில் மட்டமாகத்தான் இருப்பார் என்ற அந்த எண்ணத்துக்கு ஸ்டார்ம்விண்ட் ஃபாலசி என்று ஒரு பெயரே உண்டு. அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எண்களை அடுக்குவது ஒரு திறமை, ஒரு ஆளாக வாழ்ந்து காட்டுவது வேறொரு திறமை. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் போகலாம். அப்படியானால் மேசையில் ஏன் இதைப் பற்றி இத்தனை மனஸ்தாபம்? என் கணிப்பில் காரணம் வேறு: ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் கேரக்டர்களுக்கு இடையே உள்ள பலத்தின் இடைவெளி.

அந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2014 விதிகள், ஐந்தாம் லெவல், எதிரியின் ஆர்மர் கிளாஸ் 15. முதல் ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வார்டு, கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட் (தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்). அடிக்கும் எண்ணில் 5 குறைத்துக்கொண்டு சேதத்தில் 10 கூட்டலாம் என்பதுதான் அந்த ஃபீட்டின் பேரம். ஃபீட்டைப் பயன்படுத்தாமல் அடித்தால் 65 சதவீத வாய்ப்பு, சராசரி சேதம் 11. 20 விழுந்தால் சேதப் பகடையை இரட்டிக்கும் கிரிட்டிக்கலையும் சேர்த்து ஒரு வீச்சின் மதிப்பு, அதாவது எதிர்பார்க்கும் சராசரி சேதம், 7.5. பயன்படுத்தினால் வாய்ப்பு 40 சதவீதமாக இறங்கும், சேதம் 21 ஆகும், மதிப்பு 8.75. ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு, ஆக 17.5. இரண்டாவது ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் 14, லாங்ஸ்வார்டும் கேடயமும், சேதத்தைக் கூட்டும் ஃபைட்டிங் ஸ்டைல் எதுவும் இல்லை. அவனுக்கு 55 சதவீதம், சராசரி சேதம் 6.5. ஒரு சுற்றுக்கு 7.6. கேடயம் தரும் கூடுதல் பாதுகாப்பு அவனுக்கு உண்டு என்பது உண்மை. ஆனாலும் ஒரே கிளாஸ், ஒரே லெவல், ஒருவன் இன்னொருவனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அடிக்கிறான்.

ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கு இங்கேதான் தலைவலி. முதல் ஆளுக்குச் சவாலாக இருக்கட்டும் என்று அரக்கனின் அடியை உயர்த்தினால், அந்த அடியைத் தாங்காத மற்றவர்கள் முதலில் விழுவார்கள். ஆர்மர் கிளாஸை 18-க்கு ஏற்றினால் முதல் ஆள் ஃபீட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாதாரணமாக அடிப்பான். அந்த எண்ணில் சாதாரண வீச்சு 5.85, ஃபீட்டோடு 5.6. அவன் சமாளித்துவிடுகிறான். இரண்டாவது ஆளோ ஐந்து வீச்சில் மூன்றைக் காற்றில் வீசிக்கொண்டிருப்பான். (17-இல் ஃபீட் இன்னும் சற்று லாபம், 18-இல் நஷ்டம். இந்த எல்லைக்கோட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள் உண்டு, அது குற்றமும் இல்லை.) 2024 விதிகளில் இந்தப் பேரம் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அந்த ஃபீட் ஸ்ட்ரெங்த்தில் 1 கூட்டி, அட்டாக் ஆக்‌ஷனில் ஹெவி ஆயுதத்தால் அடிக்கும்போது புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் தேர்ச்சிக் கூட்டல்) அளவுக்குச் சேதம் தருகிறது. இடைவெளியைக் குறைக்கும் நல்ல மாற்றம் என்பேன்.

சரி, கேரக்டர் செய்யும்போது கணக்கு எந்த இடத்தில் வர வேண்டும்? முதலில் வந்தால் ஆள் செத்துப்போவான், வராமலே போனால் மேலே சொன்ன வாள்வீரன் கதைதான். எனக்குச் சரியாகப் படுகிற வரிசை இது. முதலில் ஒரே வாக்கியம் எழுத வேண்டும்: இந்த ஆள் எதில் கெட்டிக்காரன், எதற்காக அலைகிறான், எதைச் செய்ய மாட்டான். "எல்லைக் காவலில் பத்து வருடம் இருந்தவன், தான் நடந்த நிலத்தையெல்லாம் வரைபடமாக்குபவன், அழிந்துபோன கோட்டைகளின் பெயர்களைத் தேடுகிறான், சரணடைந்தவனைக் கொல்ல மாட்டான்" என்று வைத்துக்கொள்வோம். இதில் கெட்டிக்காரத்தனம் இரண்டு: சண்டை, பழைய நிலவரலாறு. இந்த இரண்டையும் ஷீட் நிரூபிக்க வேண்டும். மீதி எப்படி இருந்தாலும் பாதகமில்லை.

இனி எண்கள். எபிலிட்டி எனப்படும் ஆறு அடிப்படை எண்களைப் புள்ளி கொடுத்து வாங்கும் ஐந்தாம் பதிப்பின் பாயிண்ட் பை முறையில் கையில் 27 புள்ளிகள். 8-க்கு விலை இல்லை. 9-லிருந்து 13 வரை ஒவ்வொரு படிக்கும் 1. 14 மொத்தம் 7, 15 மொத்தம் 9. கடைசி இரண்டு படிகள் இரட்டை விலை என்பதைக் கவனியுங்கள். நம் காவலனுக்கு ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 14, இன்டெலிஜென்ஸ் (அறிவு) 13, விஸ்டம் (விவேகம்) 12, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 10, கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 8. கூட்டிப் பார்த்தால் சரியாக 27. விதிப்புத்தகம் ஆயத்தமாகத் தரும் ஸ்டாண்டர்ட் அரே என்ற எண் வரிசையும் இதுதான். 2024 விதிகளில் கார்ட் என்ற பின்னணி ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ், விஸ்டம் மூன்றில் கூட்ட அனுமதிக்கிறது. ஸ்ட்ரெங்த்துக்கு 2, இன்டெலிஜென்ஸுக்கு 1 கொடுத்தால் 17-உம் 14-உம் ஆகும். 17 ஒற்றை எண், உருட்டலில் கூட்டும் எண்ணான மாடிஃபையரில் 16-க்கும் அதற்கும் வித்தியாசமில்லை, அப்படியானால் வீண்தானே என்று தோன்றலாம். நான்காம் லெவலில் ஸ்ட்ரெங்த்தில் 1 கூட்டும் ஃபீட்டை எடுக்கும்போது அது 18 ஆகும். அதுவரை காத்திருக்கும் எண் அது. ஃபீட் திட்டம் எதுவும் இல்லாமல் விடப்படும் ஒற்றை எண்தான் வீண்.

இப்போது இதே ஆளைச் சண்டைக்கு மட்டும் கடைந்தெடுத்தால் என்ன கிடைக்கும் என்று ஒப்பிடலாம். ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிட்யூஷன் 15, விஸ்டம் 14, டெக்ஸ்டெரிட்டி 10, மற்ற இரண்டும் 8. சோல்ஜர் பின்னணி கொடுத்து ஸ்ட்ரெங்த் 17, கான்ஸ்டிட்யூஷன் 16. ஐந்தாம் லெவலில், புத்தகத்தின் நிலையான எண்ணை எடுத்துக்கொண்டால், இவனுக்கு 49 ஹிட் பாயிண்ட், நம் வரைபடக்காரனுக்கு 44. விஸ்டம் சேவில் (மந்திரம் போன்றவற்றைத் தாங்கும் உருட்டலில்) 1 வித்தியாசம். அடிக்கும் வாய்ப்பில் ஒன்றுமே குறையவில்லை. பதிலுக்கு, ஹிஸ்டரியில் தேர்ச்சி எடுத்த இருவரும் முதல் லெவலில் 15 எண்ணைத் தொட வேண்டியிருந்தால் ஒருவனுக்கு 50 சதவீதம், மற்றவனுக்கு 35. ஐந்து ஹிட் பாயிண்ட் விலையில் ஒரு முழு மனிதன் கிடைக்கிறான். என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கணக்குப் போட்டதால்தான் அந்த விலை இவ்வளவு குறைவு என்று தெரிய வந்தது. கணக்கை வெறுப்பவர்கள் பெரும்பாலும் இல்லாத விலைக்குப் பயந்து, தேவையில்லாத இடத்தில் கேரக்டரைப் பலவீனமாக்குகிறார்கள்.

முக்கியமான எண்ணில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஐந்தாம் பதிப்பில் கிளாஸின் முதன்மை எபிலிட்டி தொடக்கத்தில் 16-க்குக் கீழே போனால் ஒவ்வொரு உருட்டலிலும் வலிக்கும். ஐந்தாம் லெவலில் ஆர்மர் கிளாஸ் 15-க்கு எதிரே கிரேட்ஸ்வார்டோடு ஸ்ட்ரெங்த் 16-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு வீச்சுக்கு 6.35, 7.5, கிட்டத்தட்ட 18 சதவீதம். மாடிஃபையரில் வெறும் ஒன்றுதான், ஆனால் அது அடிக்கும் வாய்ப்பிலும் சேதத்திலும் சேர்ந்தே வருவதால் இப்படிப் பெருகுகிறது. கான்ஸ்டிட்யூஷன் 14 பெரும்பாலான கிளாஸ்களுக்குப் போதும். அதற்கு மேல் மிச்சமிருப்பதெல்லாம் ஆளுக்கான இடம். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில், 2019 விதிகளின்படி, முதன்மை எபிலிட்டியை 18-இல் தொடங்குவதுதான் வழக்கம். இலக்கை 10 தாண்டினால் கிரிட்டிக்கல் என்பதால் அங்கே ஒவ்வொரு ஒன்றும் இரண்டு வேலை செய்கிறது. அங்கே இந்த விட்டுக்கொடுப்புக்கு இன்னும் குறைந்த இடமே உண்டு.

குறைந்த எண்களைப் பற்றி ஒரு தவறான பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இன்டெலிஜென்ஸ் 8 என்றால் முட்டாள், பேசத் தெரியாதவன், எழுத்து தெரியாதவன் என்று நடிப்பது. 8-இன் மாடிஃபையர் −1. 10 உள்ளவனோடு ஒப்பிட்டால் 20 உருட்டலில் ஒன்றுதான் மாறும். அவன் சராசரிக்கு ஒரு விரல்கடை கீழே, அவ்வளவுதான். அதைக் கோமாளியாக்குவது எண் கேட்காத ஒன்றைச் செய்வது. எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசமானது: கரிஸ்மாவை 8-இல் தள்ளிவிட்டு, ஆட்டக்காரருக்கு நாவன்மை இருப்பதால் ஒவ்வொரு பேச்சுவார்த்தையையும் தானே நடத்தி, டிஎம்மும் உருட்டச் சொல்லாமல் விட்டுவிடுவது. இதுதான் ஆப்டிமைசேஷன் உண்மையிலேயே ரோல்பிளேயைத் தின்னும் இடம். அந்தப் புள்ளிகளை வேறெங்கோ செலவழித்தாயிற்று, இங்கே இலவசமாகத் திரும்பவும் கிடைக்கிறது. கரிஸ்மாவில் 16 வாங்கிய பார்டு (பாணர் கிளாஸ்) மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு மருந்து எளிது. ஆட்டக்காரர் என்ன சொன்னார், எதைக் கொடுத்து எதைக் கேட்டார் என்பது இலக்கு எண்ணை மாற்றட்டும். உருட்டல் கேரக்டரின் மாடிஃபையரோடுதான் நடக்க வேண்டும். காவல் தலைவனின் மகன் சிறையில் இருப்பதைக் கண்டுபிடித்து அதை வைத்துப் பேசினால் இலக்கு 20-லிருந்து 15 ஆகலாம், அல்லது அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைக்கலாம். கூச்ச சுபாவமுள்ள ஆட்டக்காரர் "அவன் பயத்தைத் தணிக்கிற மாதிரி பேசுகிறேன், மகனைப் பற்றிய செய்தியைச் சொல்கிறேன்" என்று இரண்டு வரியில் சொன்னாலும் அதே சலுகை. மேடைப்பேச்சுக்கு மதிப்பெண் போடாமல், எடுத்த முடிவுக்கு மதிப்புக் கொடுக்கும் முறை இது.

மல்டிகிளாஸுக்கு, அதாவது ஒரே ஆள் இரண்டு கிளாஸ்களில் லெவல் எடுப்பதற்கு, வருவோம். ஒப்பந்தத்தால் மந்திரசக்தி பெறும் கிளாஸ் வார்லாக்; 2017-இல் வந்த அதன் ஹெக்ஸ்பிளேட் வகையில் ஒரே லெவல் எடுத்தால் ஆயுதத்தைக் கரிஸ்மாவால் வீசலாம். சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட வீரரான பாலடின் ஏற்கெனவே கரிஸ்மாவில் வாழ்பவர் என்பதால் இந்த ஜோடி மிகவும் பிரபலம். பாலடினிலிருந்து கிளை பிரிய ஸ்ட்ரெங்த் 13, கரிஸ்மா 13 இரண்டும் வேண்டும். ஆகவே ஸ்ட்ரெங்த்தை முழுக்கக் கைவிடவும் முடியாது. ஐந்தாம் லெவலுக்கு முன் இதை எடுத்தால் இரண்டாவது வீச்சு ஆறாம் லெவலுக்குத் தள்ளிப்போகும். அந்த ஒரு லெவல் முழுக்க மற்றவர்கள் இரண்டு முறை வீச, நீங்கள் ஒரு முறை. விசார்டு (மந்திரவாதி) இப்படி ஒரு லெவல் வெளியே போனால் 8டி6 (எட்டு ஆறுபக்கப் பகடை), அதாவது சராசரி 28 சேதம் தரும் ஃபயர்பால் ஒரு லெவல் தாமதம். பில்டை, அதாவது கேரக்டரை அடுக்கும் திட்டத்தை, 20-ஆம் லெவலில் வைத்து ரசிப்பவர்கள் இந்த நடுவழிப் பஞ்சத்தை மறந்துவிடுவார்கள். பல கேம்பெயின்கள் (பல அமர்வுகளாகத் தொடரும் கதைகள்) அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. ஆகவே இப்போதைய லெவலிலும் அடுத்த இரண்டு லெவலிலும் என்ன செய்ய முடியும் என்று பார்த்துப் பில்டை எடைபோடுவதே சரி.

கதைப் பக்கம் கேள்வி ஒன்றே ஒன்று: அந்த வார்லாக் ஒப்பந்தம் எந்த செஷனில் (ஆட்ட அமர்வில்) நடந்தது? பதில் இல்லையென்றால் அந்த லெவல் வெறும் எண். இதைச் சரிசெய்ய ஒரு லெவலுக்கு முன்பே டிஎம்மிடம் சொல்லிவிட வேண்டும். அவர் கனவில் ஒரு குரலையோ, பாழடைந்த கோட்டையில் ஒரு வாளையோ வைப்பார். மற்றவர்கள் கண்முன்னே கேரக்டர் அதைத் தொடுவான். அதன் பிறகு அந்தச் சக்தி எப்போதாவது விலை கேட்க வேண்டும். பாலடினின் சத்தியத்தோடு அது மோதும்போது, பலத்துக்காக எடுத்த அந்த ஒரு லெவல் கேம்பெயினின் மிக நல்ல காட்சிகளைத் தரலாம்.

பில்ட் என்ற பேச்சே மூன்றாம் பதிப்பு வந்த 2000-க்குப் பிறகுதான் இவ்வளவு பெரிதானது. 1974-இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விதிகளில் ஆறு எபிலிட்டிக்கும் 3டி6 உருட்ட வேண்டும், வந்ததுதான் ஆள். மூன்றாம் பதிப்பில் ஃபீட்டுகளும், தகுதி பெற்ற பிறகே சேரக்கூடிய பிரெஸ்டீஜ் கிளாஸ்களும் குவிந்தன. நல்லதும் மட்டமானதும் கலந்தே கிடந்தன. 3 ஹிட் பாயிண்ட் மட்டும் தரும் டஃப்னெஸ் அதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. தெரியாமல் அதை எடுத்தவர் பின்தங்கினார், தெரிந்தவர் முன்னே போனார். வரம்பில்லாத சக்தி பெறும் பன்-பன் என்ற கோபோல்டு (சிறு அரக்க இனத்து ஆள்) பிறந்ததும் அந்தக் காலத்து 3.5 விதிகளில்தான். ஆனால் அது விதிகளின் ஓட்டையைக் காட்டுவதற்கான வெறும் சிந்தனைப் பயிற்சி. மேசைக்குக் கொண்டுவரும் பில்டை அதே தட்டில் வைத்துத் திட்டுவது நியாயமில்லை.

விதிகள் எதற்குக் கூலி கொடுக்கின்றனவோ அதை நோக்கித்தான் ஆப்டிமைசேஷன் ஓடும். பழைய டி அண்ட் டி-யில் கொண்டுவந்த தங்கத்துக்கே பெரும்பகுதி அனுபவப் புள்ளி கிடைத்தது. அதனால் சண்டையைத் தவிர்த்துப் பொக்கிஷத்தோடு நழுவுவதுதான் கெட்டிக்காரத்தனம். டன்ஜன் வேர்ல்டு என்ற ஆட்டத்தில் உருட்டல் 6-ஐத் தாண்டாமல் தோற்றால் ஒரு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). பிளேட்ஸ் இன் தி டார்க்கில் தன் நம்பிக்கைகளையும் பின்னணியையும் வெளிக்காட்டினாலோ, தன் தீய பழக்கத்தோடு மல்லாடினாலோ செஷன் முடிவில் எக்ஸ்பி. ஃபேட்டில் குறையால் சிக்கலில் மாட்டச் சம்மதித்தால் ஃபேட் பாயிண்ட். இந்த ஆட்டங்களில் நன்றாக ஆப்டிமைஸ் செய்பவரே நன்றாக ரோல்பிளே செய்பவர். ஐந்தாம் பதிப்பில் இதற்கென்று இருந்தது அட்வான்டேஜ் தரும் வெகுமதியான இன்ஸ்பிரேஷன் மட்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்கலாம், கொடுக்க வேண்டியவர் டிஎம். ஐந்து பேரையும் அரக்கர்களையும் கவனிக்கும் அவருக்கு அது நினைவிலேயே இருக்காது. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கலாம், செஷனுக்கு ஆளுக்கு ஒன்று என்று மாற்றிவிட்டால் அந்த விதி உயிர்பெறும். குறையைக் காட்டி இன்ஸ்பிரேஷன் வாங்கலாம் என்று தெரிந்ததும், கணக்குப் பார்ப்பவரே முதலில் தன் கேரக்டரின் குறையைத் தேடிப் படிப்பார்.

குறைகளிலும் நல்லது கெட்டது உண்டு. "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று சொல்லிக் கூட்டாளியின் பையில் திருடுவது, தூங்கும் ஊர்த்தலைவனைக் குத்துவது ஆகியவற்றுக்கு ரோல்பிளே என்ற பெயரைக் கொடுக்கக் கூடாது. சோதனை இதுதான்: குறையின் விலையை யார் கொடுக்கிறார்? சரணடைந்தவனைக் கொல்ல மாட்டேன் என்ற நம் காவலனின் பிடிவாதம் அவனையே கைதிக்குக் காவல் வைக்கும், அவன் தூக்கத்தைக் கெடுக்கும், மற்றவர்களுக்கு வாதாட ஒரு விஷயம் கொடுக்கும். அது நல்ல குறை. விலை முழுவதையும் மற்றவர்கள் தலையில் கட்டும் குறையை, ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே மாற்றச் சொல்ல வேண்டும்.

செஷன் ஜீரோவில் ஆட்கள் ஷீட்டுகளை மேசைமேல் திறந்து வைத்துப் பேசினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தொடக்க முதன்மை எபிலிட்டி எல்லோருக்கும் 16 அல்லது 17 என்று ஒத்துக்கொள்ளலாம். மல்டிகிளாஸ் உண்டா, எந்தப் புத்தகங்கள் வரை என்று முடிவு செய்யலாம். சண்டை, தேடல், பேச்சு என்ற மூன்றிலும் ஒவ்வொருவருக்கும் செய்ய ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று சுற்றி ஒரு முறை கேட்க வேண்டும். ஆப்டிமைசேஷன் நன்றாகத் தெரிந்தவர் இருந்தால் அவருக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது: மற்றவர்களின் கதையைக் கேட்டு, அந்த ஆள் ஷீட்டில் நிஜமாக வேண்டிய எண்களைச் சொல்லிக்கொடுப்பது. அவருடைய கேரக்டரும் மற்றவர்களை உயர்த்துவதாக இருந்தால் இன்னும் நல்லது. கூட்டாளிகளின் உருட்டலை உயர்த்தும் பிளெஸ் மந்திரம் போடும் கிளெரிக், எதிரிகளை வலையில் கட்டும் விசார்டு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் யாருக்கும் எரிச்சல் வராது.

கேம்பெயின் நடுவில் இடைவெளி தெரியவந்தால் டிஎம் முதலில் பார்க்க வேண்டியது ஒரு நாளில் எத்தனை சண்டை என்பதை. 2014 விதிகள் ஒரு நீண்ட ஓய்வுக்குள் ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகள் வரை வைத்து எழுதப்பட்டவை. ஒரே ஒரு பெரிய சண்டை நடத்தினால், ஸ்பெல் ஸ்லாட்டுகளை (மந்திரம் போடும் வாய்ப்புகளை) ஒரே மூச்சில் கொட்டும் பாலடினும் சார்சரரும் எல்லோரையும் மறைத்துவிடுவார்கள். மூன்று சண்டையாகவாவது பிரித்து, நடுவில் குறுகிய ஓய்வு கொடுத்தாலே நிலைமை மாறும். ஒரே பெரிய அரக்கனுக்குப் பதில் ஆறு சிறியவர்கள், கூடவே மூட வேண்டிய ஒரு கதவு, காப்பாற்ற வேண்டிய ஒரு கைதி என்று வைத்தால் அதிகச் சேதம் தருபவர் ஒருவரால் எல்லாவற்றையும் முடிக்க முடியாது.

அடுத்தது மந்திரப் பொருள்கள். காண்ட்லெட்ஸ் ஆஃப் ஓகர் பவர் அணிந்தவரின் ஸ்ட்ரெங்த்தை 19 ஆக்கும். ஏற்கெனவே 18 உள்ளவருக்கு மாடிஃபையரில் ஒன்றும் கூடாது, அதனால் அவர் கேட்கவும் மாட்டார். ஸ்ட்ரெங்த் 14 உள்ள அந்தக் கேடயக்காரனுக்குக் கொடுத்தால் ஒரு சுற்றின் மதிப்பு 7.6-லிருந்து 11.5 ஆக ஏறும். அதோடு அந்தக் கையுறை யாருடையது, ஏன் புதைக்கப்பட்டிருந்தது என்ற கதையும் அவனுக்கே சேரும். பொருள் கொடுத்தும் போதவில்லை என்றால், இரண்டு செஷன்களுக்கு நடுவே அந்த ஆட்டக்காரரோடு தனியாக உட்கார்ந்து 27 புள்ளிகளையும் ஃபீட்டையும் மறுபடி அடுக்க விடலாம். பெயர், பின்கதை, இதுவரை நடந்தவை எதையும் தொட வேண்டியதில்லை. அடுத்த செஷனில் மாறிய எண்களோடு அதே ஆள் வந்து நிற்பான், மேசையில் யாரும் அதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.